விரல்விட்டுக் காட்டிய தேதி

நவம்பர் 1, 2021, திங்கள்

இன்று என் மேசைக்கு நூற்றுப் பதினேழு பேர் வந்தார்கள். விமானத்திலிருந்து இறங்குகிற வெளிநாட்டினர், ஊருக்குள் நுழையுமுன் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழை என்னிடம் காட்ட வேண்டும். இரண்டு ஊசி, இரண்டாவது போட்டுப் பதினான்கு நாள், கடவுச்சீட்டில் உள்ள அதே பெயர். பார்ப்பது அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாள்கள் – ஒன்றில் மழை நனைத்த முத்திரை, ஒன்றில் பச்சை மையில் யாரோ ஒரு செவிலியின் அவசர எழுத்து. எங்கோ ஒரு கூடாரத்தில் ‘இடது கை’ என்று எழுதிய அந்தப் பெண்ணை நான் பார்க்கப்போவதே இல்லை. அவள் சொல்லை நம்பி ஒரு நாட்டின் கதவைத் திறக்கிறேன். நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

நவம்பர் 3, புதன்

வாரம் ஒருமுறை வரும் அந்தத் தூர தேசத்து விமானத்தில் ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும். கையால் எழுதிய அட்டை. இரண்டு ஊசியும் போட்ட வருடம் 2013.

எதற்கும் இரண்டு பிரதி கேட்பதால் எங்கள் மேலாளருக்கு ஜெராக்ஸ் சார் என்று பெயர். அவர் எட்டிப் பார்த்தார். “நோய் வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே ஊசி போட்டாச்சா? ஜோசியர் சொல்லியிருப்பார் போல.” நானும் சிரித்தேன்.

அந்த அம்மா தேதியைத் தொட்டார், விரல்விட்டு எண்ணிக் காட்டினார், மறுபடி தொட்டார். அவர் மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ‘போலி எனச் சந்தேகம்’ என்று எழுதினேன். வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பினோம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மகள் நின்றிருந்தாள், நிறைமாத வயிற்றோடு. இங்கே வாழ்க்கைப்பட்டவள். “எங்கம்மா பொய் சொல்ற ஆளில்லைங்க. மாசக் கடைசியில எனக்குப் பிரசவம். வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். அம்மாவை விட்டா எனக்கு யாருமில்ல.”

விதியை மட்டும் சொன்னேன்; எந்தத் தேதி தப்பு என்று சொல்லவில்லை.

நவம்பர் 4, வியாழன்

விதிப்படிதான் செய்தேன். பிறகு ஏன் நேற்று அத்தனை நீளமாக எழுதினேன்?

நவம்பர் 10, புதன்

அதே விமானம். அதே தேசத்து இளைஞர், பொறியாளர்; பல வருடம் இங்கே வேலை பார்த்தவர், நம் பேச்சு நன்றாக வருகிறது. அச்சடித்த புதுச் சான்றிதழில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தேதிகள்.

“இது என்ன, ரெண்டு தேதி?”

“மேல இருக்கறது எங்க தேதி மேடம். உங்க வருஷத்துக்கு ஏழெட்டு வருஷம் பின்னாடி. எங்களுக்குப் பதிமூணு மாசம் வேற. எங்க ஊருக்கு வாங்க, வயசு குறைஞ்சிடும்.”

முத்திரையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பதின்மூன்று மாதங்கள். ஒரு தேசம் முழுக்க வேறொரு வருடத்தில் எழுந்து, சமைத்து, பள்ளிக்கூடம் போய், ஊசி போட்டுக்கொண்டு – அதே சூரியனின் கீழ். காலம் என்று நான் நினைத்திருந்தது என் சுவரில் தொங்கும் தாள்தானா?

அடுத்த நொடி அந்த அம்மாவின் விரல்கள்.

எவ்வளவு படிச்சிருக்கேன். நட்சத்திரத்தைப் பார்த்து வருஷம் கணக்குப் போட்டவங்களைப் பத்திப் புத்தகம் புத்தகமா. ஒரு அம்மா எதிர்ல நின்னு எண்ணிக் காட்டினப்போ ஒண்ணும் தோணல. சிரிச்சேன்.

நவம்பர் 11, வியாழன்

ஜெராக்ஸ் சாரிடம் சொன்னேன். பேனாவைத் திறந்தார், மூடினார். “நானும்தாம்மா சிரிச்சேன்” என்றார். பிறகு, “நடந்ததை எழுதிக் குடு. ரெண்டு காப்பி.”

வருகைப் படிவத்தில் மகளின் எண் இருந்தது. எண்களை அழுத்திவிட்டு இரண்டு முறை வைத்துவிட்டேன். மூன்றாவது முறை நான் வைப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

“இப்ப சொல்றீங்களா? போக முப்பது மணி நேரம், வர முப்பது மணி நேரம். அம்மா ஏரோப்ளேன் ஏறினதே அதுதான் முதல் தடவை.”

தப்பு என்னோடதுதான் என்றேன். அம்மா மறுபடி வருவாரா என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

“கேட்கணுமா? இன்னும் பெட்டியையே பிரிக்கல.”

நவம்பர் 16, செவ்வாய்

நான் எழுதிய அந்த மூன்று சொற்களால் அந்த அம்மாவின் பெயர் சந்தேகப் பட்டியலில் ஏறியிருக்கிறது. ஏற்ற ஒரு நிமிடம் ஆனது. இறக்க ஐந்து கையெழுத்து வேண்டுமாம்.

நவம்பர் 19, வெள்ளி

மூன்று கையெழுத்து. மகள் அழைத்தாள். “குழந்தை தலை இறங்கிடுச்சுன்னு டாக்டர் சொல்றாங்க. அடுத்த புதனை விட்டா அவ்வளவுதாங்க.”

நவம்பர் 22, திங்கள்

பெயர் நீங்கிவிட்டது. நான்கு வரியில் சுற்றறிக்கையும் வந்தது: வேறு நாட்காட்டித் தேதிகளை மாற்றிக் கணக்கிட்டு அனுமதிக்கலாம், கணக்கிடும் அலுவலர் கையொப்பமிட வேண்டும். ஜெராக்ஸ் சார் ஒரு பிரதியைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார்.

“அம்மா ஏறப் போறாங்க” என்று மகள் செய்தி அனுப்பியிருக்கிறாள். இன்னும் வலி எடுக்கவில்லை.

நவம்பர் 24, புதன்

வந்தார். அதே பெட்டி, அதே அட்டை. தேதியைப் பதிந்ததும் மேசை இயந்திரம் சிவப்புக் காட்டியது. காகிதத்தில் மாற்றிக் கணக்கிட்டேன், சரிபார்த்தேன், இன்னொரு முறை சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். உள்ளே போக அனுமதிக்கும் பச்சைச் சீட்டை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை. “போங்கம்மா” என்று வழியைக் காட்டினேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

பணி நேரத்தில் மேசையை விட்டு எழக் கூடாது. எழுந்தேன். ஜெராக்ஸ் சார் தலையைத் திருப்பிக்கொண்டார். பெட்டியை ஒரு கையிலும் அவர் முழங்கையை மறு கையிலும் பிடித்துக் கண்ணாடிக் கதவு வரை நடந்தேன். எலும்பும் தோலுமான கை. அந்தக் கையில் ஒரு செவிலி, எங்களுக்கு இன்னும் பெயர்கூடத் தெரியாத ஒரு மாதத்தில், ஊசி ஏற்றியிருக்கிறாள்.

மகளால் எழுந்து ஓடிவர முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்த அம்மா முதலில் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். எதற்கோ காத்திருந்தார். பிறகு, என்ன அசைந்ததோ, அப்போதுதான் நிமிர்ந்தார்.

கதவு தானாக மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், என் மேசைக்கு எதிரே நாற்பது பேர், கையில் ஆளுக்கொரு தாளோடு.