இரண்டு திருமதி கிளாரன்ஸ் டீட்ஸ்

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் லெனோராவுக்கு அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, அதுவும் பூசையில் மண்டியிடும்போது மட்டும்தான் முனகுகிறது. அந்த மழை ஊரில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா? கம்பளிச் சட்டையை அலமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு குளிர்கிறது என்று எழுதாதே.

இங்கே பெரிய கூத்து. பதினோரு வருடமாக நம் கோயில் பீடத்துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்ப்பவள் வெர்னா. அவள் கணவன் கிளாரன்ஸ் அவளை விவாகரத்து செய்து மருந்துக்கடை பெர்னிஸைக் கட்டிக்கொண்ட பிறகும் மாதர் சபைப் பட்டியலில் அவள் திருமதி கிளாரன்ஸ் டீட்ஸ்தான். நாங்கள் எல்லாருமே கணவன் பெயரில்தானே இருக்கிறோம். கோயில் எடுபிடி வேலைகளுக்குப் புதிதாக வந்த கோயில்பிள்ளை பட்டியலைப் பார்த்து, திருமதி கிளாரன்ஸ் டீட்ஸ் வீடு எது என்று ஊரில் விசாரித்து, துணி மூட்டையைப் பெர்னிஸ் வீட்டில் கொடுத்துவிட்டார். அவள் லூத்தரன் சபைக்காரி, நம் கோயிலைச் சேர்ந்தவளே இல்லை, ஆனாலும் மறுபேச்சில்லாமல் தேய்த்து மடித்து அனுப்பியிருக்கிறாள். நல்ல மனசுதான், மடிப்புதான் கோணல்.

சபைக் கூட்டத்தில் திருமதி ஷாலர் எழுந்து, "புருஷன் இல்லாதவளுக்குப் பட்டியல்ல என்னங்க வேலை, பேரை அடிங்க" என்றாள். சாமியார் தரையைப் பார்த்தபடி, "கொஞ்ச நாள் அவங்க ஒதுங்கி இருக்கட்டுமே" என்றார். கடைசி வரிசையிலிருந்து வெர்னா, "ஓடிப்போனது அவரு, துணியப் பிடுங்குறது எங்கிட்டயா? எனக்குக் கோயில்ல வேற என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டாள். தலைவி நான், பட்டியல் என் கையில். "நானும் புருஷன் இல்லாதவதான், மொதல்ல என் பேர அடிக்கிறேன்" என்றேன். "ஐயோ, உங்க வீட்டுக்காரர் காலமானவரு, உங்க சங்கதி வேறங்க" என்று பதறினாள் ஷாலர். பட்டியலில் 'திருமதி எட்மண்ட் ஹாஃப்னர்' என்றிருந்த என் பெயரை அடித்தேன். சாமியாரிடம், "ஞானஸ்நானத்துல திருச்சபை குடுத்த பேரு போதாதா, சாமி?" என்று கேட்டுவிட்டுப் புதுத் தாளை எடுத்தேன். எல்லாரும் அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல எழுதினேன், கன்னியாஸ்திரீகள் பழக்கிய கையெழுத்தில். முப்பது வருடப் பழக்கம், பாதிப் பேரின் பெயர் எனக்கே தெரியாது. ஷாலரின் பெயர் ஃப்ளாவியாவாம்! அவளே வெட்கத்தில் சிரித்துவிட்டாள். துணி மூட்டை அன்றே வெர்னாவிடம் திரும்பிப் போயிற்று.

இதை நீ கதையாக்கிப் பத்திரிகைக்கு அனுப்புவாய் என்று தெரியும். போன கதையில் நம் ஊர்ப் பெண்களை அழுமூஞ்சிகளாக எழுதியிருந்தாய், இந்த முறை சிரிக்கவும் விடு. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. தேவமாதா உன் பக்கத்திலேயே இருப்பாளாக. கதையில் ஊர்ப் பெயரை மாற்று, சாமியார் பெயரை மாற்று. என் பெயரை மட்டும் மாற்றாதே, இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறேன்.

உன் அம்மா,
ஒட்டிலியா