குலசிங்கத்தின் மகன் ஹொக்கி விளையாடுகிறான்

ஹவுன்ஸ்லோ
8.9.2024

அன்புள்ள தம்பி நிருஜன்,

இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை அம்மாவின் போன் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஒரே நகரத்தில் இருந்துகொண்டு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் போனில் பேசினால் நாலாவது வசனத்தில் இரண்டு பேரும் கத்துகிறோம். "எழுதித் தொலையுங்கோ, எழுத்துக்குச் சத்தமில்லை" என்று உன் அம்மா சொல்லிவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் 23, சனிக்கிழமை, எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசன விருந்து. சங்கத் தலைவர் விஜயரத்தினம் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவன். அங்கத்தவர்களின் பிள்ளைகளில் விளையாட்டில் பேர் எடுத்த ஒருவருக்குக் கேடயம் கொடுக்க நினைத்து, உன்னைத் தெரிவு செய்திருக்கிறான். கேடயம் ஓடர் கொடுத்தாயிற்று.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நீ ஐஸ் ஹொக்கி விளையாடுவதாக அவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், லூயிஷாம் சிவன் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றோம். "மச்சான், உன்ர மகன் என்ன செய்யிறான்?" என்று விஜயரத்தினம் கேட்டான். "ஐஸிலை விளையாடுறான்" என்றேன். "ஹொக்கியோ?" என்றான். "ஓம்" என்றேன். அவ்வளவுதான் என் குற்றம். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், சோறு வந்துகொண்டிருந்தது. ஓம் என்பது சின்னச் சொல், தம்பி. அது இந்த மூன்று வருடத்தில் வளர்ந்துவிட்டது. எந்தப் பக்கம் விளையாடுகிறாய் என்று கேட்டார்கள். இடது பக்கம் என்றேன்.

நீ சூட் போட்டுக்கொண்டு வந்து, கேடயத்தை வாங்கி, நன்றி சொல்லிவிட்டு இறங்கினால் போதும். அதற்கு மேல் ஒன்றும் கதைக்காதே. தலைமயிரையும் கொஞ்சம் கட்டையாக வெட்டு.

உன்னை எதிர்பார்க்கும்
அப்பா
சி. குலசிங்கம்


லெய்டன்
15.9.2024

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. இடது பக்கத்தில் நின்று இதுவரை எத்தனை கோல் போட்டிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கலாம். யாராவது கேட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும்.

வருவதற்கு ஒரு நிபந்தனை. மகன் ஐஸில் பாட்டுக்கு ஆடுகிற ஃபிகர் ஸ்கேற்றிங் செய்கிறான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். சொன்னால், கேடயம் தராவிட்டாலும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். சொல்லாவிட்டால் வரமாட்டேன்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. பதினொரு வயதில் தொடங்கினேன். விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் முடிந்து, நித்திரை கொள்ளாமல் என்னைக் காரில் ஐஸ் அரங்குக்குக் கொண்டுவந்து இறக்கியது நீங்கள்தான். அதை மறக்கவில்லை. ஆனால் எப்போதும் கார் பார்க்கிலேயே ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தீர்கள். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. உள்ளே குளிர் என்பதால் வரவில்லை என்று சின்ன வயதில் நம்பினேன்.

என் செய்தி: டிசம்பர் 14 இங்கே தெரிவுப் போட்டி. வெளிநாடு போகும் அணிக்கு இரண்டு பேரை எடுப்பார்கள். எனக்கு இருபத்தாறு வயது, இந்த விளையாட்டில் அது கிழவன் வயது. புதுப் பயிற்சியாளர் டயனா கெட்டிக்காரர். நான் ஆடும் பாட்டை மாற்றிவிட்டார், இப்போது ஒரே முரசுச் சத்தம். மணிக்கட்டை மடக்காதே, பலம் தெரியட்டும் என்கிறார். உடுப்பும் கறுப்பு. தாடி விடச் சொன்னார், விட்டிருக்கிறேன். பணம் தரும் கம்பனிக்காக ஜிம்மில் பாரம் தூக்குகிற மாதிரி ஒரு படம் எடுத்தார்கள். அம்மாவுக்கு ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்
நிருஜன்


ஹவுன்ஸ்லோ
29.9.2024

அன்புள்ள தம்பி,

படம் கிடைத்தது. யார் இந்த ஆள், கடன் வசூலிக்க வருகிறவனா என்று அம்மாவைக் கேட்டேன். நீ ஐஸில் போடும் நீலச் சேர்ட்டுக்கு மணி தைத்துக் கண் நொந்தவள் அவள். "நீலச் சேர்ட் எங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள்.

எனக்கு நிபந்தனை போடுகிறாய். சரி. அந்தப் பாரம் நீ உண்மையில் தூக்கும் பாரமா? அந்தத் தாடி யாருடைய ஆசை? கோயில் வரிசையில் நான் சொன்னது ஓம் என்றால், நீ முகத்தில் வளர்த்து வைத்திருப்பதும் ஓம்தான். என்னுடையதைச் சீப்பால் இழுக்கத் தேவையில்லை, அதுதான் வித்தியாசம்.

நான் ஏன் உள்ளே வரவில்லை என்று சொல்கிறேன், கேள். எங்கள் வகுப்பில் ஒருவன் நன்றாக ஆடுவான். பதினைந்து வயதில் கல்லூரி நாடகத்தில் லூர்தம்மா என்ற மீன்காரியாக வேஷம் போட்டு ஆடினான். மண்டபமே எழும்பி நின்று கை தட்டியது. அடுத்த நாள் காலையிலிருந்து அவனுடைய பெயர் லூர்தம்மா. இப்போது அவனுக்கு அறுபத்திரண்டு வயது. லூயிஷாமில் கணக்காளன், பேரப்பிள்ளை கண்டவன். இன்றைக்கும் சங்கக் கூட்டத்தில் "லூர்தம்மா வந்திட்டாவோ?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். அவனுடைய மனைவிக்கு முன்னாலும் கேட்கிறோம். அவனும் சேர்ந்து சிரிக்கிறான்.

உன்னை நினைத்து எனக்கு வெட்கம் இல்லை. அந்தச் சிரிப்பு உன் பக்கம் திரும்பிவிடும் என்று பயம். பயம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். ஒரே ஒரு பின்னேரம் ஹொக்கிக்காரனாக இரு. பிறகு உன் விருப்பம்.

அப்பா


லெய்டன்
13.10.2024

அன்புள்ள அப்பா,

தாடி பற்றி நீங்கள் எழுதியது சரி. அந்தப் பாரமும் வெறும் கோது. படம் எடுத்த பெண், வேலை முடிந்ததும் அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனார்.

இங்கே யாரும் உங்கள் நண்பர்களைப் போலச் சிரிப்பதில்லை. எல்லாம் மரியாதையாகத்தான் சொல்வார்கள். என் ஆட்டத்தைப் பற்றி "மென்மை" என்று நடுவர்கள் எழுதினார்கள், அது பாராட்டு இல்லை. விழுந்தால் அழாதே, கமரா இருக்கிறது என்பார்கள். பெண் பிள்ளைகள் அழலாம். மற்றவர்கள் மாதிரி என்னால் காற்றில் நாலு சுற்றுச் சுற்ற ஏலாது. என்னிடம் இருப்பது கை மட்டும்தான். அதைத்தான் மடக்காதே என்கிறார்கள்.

விருந்துக்கு நான் வரவில்லை. தாடி என் பிழை என்பதால் உங்கள் ஓம் சரியாகிவிடாது.

ஒன்று கேட்க வேண்டும். லூர்தம்மா என்கிறீர்களே, அவருடைய பெயர் என்ன? கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன், பெயர் இல்லை.

இத்துடன் போட்டிக்கு இரண்டு ரிக்கெற் வைத்திருக்கிறேன். டிசம்பர் 14, பின்னேரம் மூன்று மணி.

அன்புடன்
நிருஜன்


ஹவுன்ஸ்லோ
24.11.2024

அன்புள்ள தம்பி,

நேற்று விருந்து நடந்தது. நீ வரவில்லை. மேடையில் உன் பெயரை வாசித்தார்கள், நான் ஏறினேன். மைக்கைக் கையில் தந்தார்கள். சொல்லிவிடத்தான் நினைத்தேன். முன் மேசையில் விஜயரத்தினம் வாயைத் திறந்தபடி இருந்தான். கோழிக்கால் சாப்பிடத்தான் திறந்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. "மகனுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

கேடயத்தில் இரண்டு ஹொக்கித் தடி குறுக்கும் மறுக்குமாக இருக்கிறது. நல்ல கனம். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் இது யாருக்கு என்று கேட்டார். என் மகனுக்கு என்றேன். நேற்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

நீ கேட்ட பெயர் எனக்கு வரவில்லை. அம்மாவைக் கேட்டேன், தெரியாது என்றாள். விஜயரத்தினத்தைக் கேட்டேன். "எங்கட லூர்தம்மாவின்ர பேரோ? பேர் லூர்தம்மாதானே" என்றான். கடைசியில் விருந்தில் அவனிடமே போய்க் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். சவுந்தரநாயகம்.

அப்பா


லெய்டன்
1.12.2024

அன்புள்ள அப்பா,

எனக்குக் காய்ச்சல் சுகம்.

தாடியை எடுத்துவிட்டேன். பழைய பாட்டும் அம்மாவின் நீலச் சேர்ட்டும்தான் என்று டயனாவிடம் சொன்னேன். புள்ளி குறையும் என்றார். குறையலாம், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கம்பனி அந்தப் படத்தை நீக்கிவிட்டது, பணத்தையும் நிறுத்திவிட்டது. ஜனவரியிலிருந்து முழுநேரமாகப் பிள்ளைகளுக்கு ஸ்கேற்றிங் பழக்கப் போகிறேன். அணிக்கு எடுபடாவிட்டால் நான் போட்டியில் ஆடுவது இதுதான் கடைசி.

இதைப் பற்றி இனி எழுதமாட்டேன். ரிக்கெற் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் வராவிட்டாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வருவேன். வேலை எப்படி என்று கேட்பீர்கள், பரவாயில்லை என்பேன். சாப்பிட்டுவிட்டுப் போவேன். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறார்கள், நாங்களும் இருக்கலாம்.

அன்றைக்கு மேலே இருக்கைப் பக்கம் பார்க்கமாட்டேன். பார்த்தால் கால் பிசகும்.

நிருஜன்


ஹவுன்ஸ்லோ
15.12.2024

என் அன்புள்ள நிருஜன்,

வந்தேன். பார்க்கமாட்டேன் என்றவன் பார்க்கவேயில்லை, அதனால் எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் உன்னைக் காணாமல் வந்துவிட்டேன் என்று எழுதலாம். ஷிப்ட் ஒன்றும் இருக்கவில்லை. உன் முன்னால் நின்றிருந்தால் அழுதிருப்பேன். அங்கே கமரா இருந்தது.

அம்மா வரவில்லை. "நான் பதினைஞ்சு வருசமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன். உங்கட ஆக்கள் ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டாள். சவுந்தரநாயகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

எனக்கு ஸ்கேற்றிங் விளங்காது. நீ விழுந்தது விளங்கியது. சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. ஹொக்கிக்காரர் உடம்பெல்லாம் மெத்தை கட்டிக்கொண்டு விழுகிறார்கள், இடது பக்கம் என்று சொன்ன நாளிலிருந்து நான் எல்லாம் படித்து வைத்திருக்கிறேன். நீ வெறும் சேர்ட்டோடு விழுந்தாய், எழும்பினாய். அதற்குப் பிறகு ஓர் இடத்தில் கையை மெல்ல மடக்கி விரித்தாய். அழகாக இருந்தது, தம்பி. ஆம்பிளையா பொம்பிளையா என்று யோசிக்கும் நினைவே எனக்கு வரவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சவுந்தரநாயகத்தின் கை, அவனுடைய முழங்காலில் இருந்தபடியே, உன் கையோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக அந்தக் கையை அவன் எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை.

ஆறாவது இடம் என்று பலகையில் போட்டார்கள். எனக்குக் கவலைதான்.

இன்று காலை விஜயரத்தினத்துக்குப் போன் எடுத்தேன். "என்ர மகன் ஹொக்கி விளையாடுறதில்லை. ஒருநாளும் விளையாடினதில்லை. கேடயத்தை வந்து எடுத்துக்கொண்டு போ" என்றேன். "அப்ப ஐஸிலை என்ன செய்யிறவன்?" என்றான். "ஆடுறவன்" என்றேன். பிறகு, "ஆடுறவனோ?" என்றான். "ஓம்" என்றேன். அடுத்த கூட்டத்துக்குள் உனக்கோ எனக்கோ ஒரு பெயர் வைத்துவிடுவான். எனக்கு வைத்தால் நல்லது.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. போட்டி முடிந்ததும் தேத்தண்ணி வாங்க நான் வரிசையில் நின்றேன். என்னோடு வந்தவன் தள்ளிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, ஆளில்லாத ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீனி போடட்டோ என்று கேட்பதற்காக, "சவுந்தரநாயகம்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பான், திரும்பவில்லை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் "லூர்தம்மா" என்றேன்.

உடனே திரும்பினான்.

இப்படிக்கு
நிருஜனின் அப்பா
சி. குலசிங்கம்