வீட்டில் வேறு யாரும் இல்லை

4.3.83, சோழவந்தான்

கொடிக்காலில் வெற்றிலை அடுக்கிவிட்டு வந்து சுருளிக்குக் கஞ்சி ஊட்டினேன். இருபது வயது மகன். தலை நிற்காது, பேச்சு வராது, மெல்லத் தெரியாது. வலிப்பு மாத்திரை கொஞ்சம்தான் மிச்சம். அரசாங்கம் மாதாமாதம் அனுப்பும் என் விதவைப் பணம் அரிசிக்கே சரியாகிவிடுகிறது.

7.3.83

ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் தனியாகப் பணம் தருகிறதாம். மருத்துவ முகாமில் டாக்டர் கொடுத்த சான்றிதழும் பெட்டியில் இருக்கிறது. எழுதிப் போடலாமா என்று பக்கத்து வீட்டு மாயக்காளைக் கேட்டேன்.

"வாயத் தொறக்காதக்கா. ஒரு வீட்டுக்கு ரெண்டு பணம் குடுப்பாகளா? காப்பாத்த இருபது வயசு ஆம்பளப் பிள்ளை இருக்கான்னு தெரிஞ்சா, உள்ளதையும் நிறுத்திப்புடுவாக."

ஆம்பளப் பிள்ளையாம். என்னைக் காப்பாற்றப் போகிறவன்!

11.3.83

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பணம் வாங்கும் விதவைகளை வீடு வீடாக விசாரிக்கிறாராம். சுருளியை எங்கே ஒளித்து வைப்பேன்?

13.3.83

காலையிலேயே சுருளியை மாயக்காள் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார்.

"வீட்டுல வேற யாரும்மா?"

"யாரும் இல்லங்கய்யா."

சொல்லிவிட்டேன். பெற்றவள் சொல்கிற சொல்லா அது?

அவர் செருப்பு மாட்டும்போது மாயக்காள் அலறினாள். சுருளிக்கு வலிப்பு. ஓடினேன். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயிலிருந்த கஞ்சியை வழித்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் அவர்.

"இது யாரு?"

"எம் மகன்."

குனிந்து அவன் கைகால்களைப் பார்த்தார். "டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?" வீட்டுக்கு ஓடிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எதற்கு? என் பொய்க்குச் சாட்சியா? அய்யோ, எம் புள்ள கஞ்சியில நானே மண்ண அள்ளிப் போட்டேனே.

10.4.83

இந்த மாதம் பணம் வரவில்லை.

16.4.83

மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். தப்பென்று தெரியும். வேறு என்ன செய்ய?

6.5.83

புதிதாக வந்திருக்கும் போஸ்ட்மேன் என் மணியார்டரைக் கொடுத்தார், நின்றுபோன மாதத்துக்கும் சேர்த்து. போகாமல் நின்றார்.

"இன்னொரு மணியார்டர் இருக்கு, ஊனமுற்றவங்க பணம். சுருளின்னு யாரு?"

யாரும் இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது.

"உள்ளதாண்ணே இருக்கான். வாங்க."

இன்ஸ்பெக்டர் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனது இதற்குத்தானா? மடங்கிய விரல்களைத் தடவித் தடவிப் பிரித்து, கட்டைவிரலில் மை தொட்டு, மணியார்டர் பாரத்தில் ரேகை வைத்தோம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதமும் வருமா என்ற பயம் விடவில்லை. அவன் விரலில் இருக்கும் மையை மட்டும் நான் துடைக்கவில்லை.