ஓடிப்போன கிடாயும் உன் ரீடர் வேலையும்

திருப்பரங்குன்றம்,
22-3-82

அன்புள்ள மாப்பிள்ளை நல்லகாமனுக்கு உன் தாய்மாமன் சோணை ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் அத்தை, கடையில் நிற்கிற வாடகை சைக்கிள்கள் வரைக்கும் எல்லாரும் சுகம், ஒரு பிரேக் கட்டை கூடத் தேயவில்லை. அங்கே உன் சுகத்தை எழுது, ராஜினாமா கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதே. நீ உன் அம்மாவுக்குப் போட்ட கடிதம் வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். அதில் என்னை விசாரித்து ஒரு வரி இல்லை. கடைசியில் மட்டும், மாமா வாயைத் திறக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி என்று எழுதியிருந்தாய். அதையும் நான்தான் சத்தமாகப் படித்தேன். அக்கா அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

நீ எழுதியதில் எனக்கு விளங்கியது இதுதான், தப்பாக இருந்தால் திருத்திக்கொள். அந்தத் தெலுங்குச் சீமையில் யுனிவர்சிட்டி புதிது, கட்டடத்தில் அடித்த சுண்ணாம்பு கூடக் காயவில்லை, அதற்குள் கோஷ்டி மட்டும் பழசாகிவிட்டது. உன் டிபார்ட்மெண்டில், புரொபசருக்கு அடுத்த படியான ரீடர் வேலை ஒன்று வந்தது. நீயும் எழுதிப்போட்டாய், கூட வேலை பார்க்கிற நம் கொட்டாம்பட்டி கண்ணுச்சாமியும் எழுதிப்போட்டார், உனக்குக் கிடைத்தது. உடனே அவர், நீ உங்கள் பெரிய புரொபசருக்குக் கிடாயும் சீர்வரிசையும் லஞ்சமாகக் கொடுத்து வேலை வாங்கினாய் என்று பெட்டிசன் போட்டுவிட்டார். விசாரணைக் கமிட்டி வைத்துவிட்டார்கள். கிடாய் எங்கே என்று கேட்டார்களாம், ஓடிப்போய்விட்டது என்று நீ சொன்னாயாம், கமிட்டியே சிரித்ததாம். கிடாயைக் கொடுத்துத்தான் வேலை வாங்கினேன் என்று இவருடைய சொந்த மாமனே மதுரையில் சொல்லிக்கொண்டு திரிகிறார், போய்க் கேளுங்கள் என்று கண்ணுச்சாமி அடித்துப் பேசினாராம். அதனால் என்னை விசாரிக்க ஆள் வரப்போகிறது, அந்த அசிங்கத்துக்கு முன்னால் நானே வேலையை விட்டுவிட்டு வாரேன் என்று நீ எழுதியிருக்கிறாய்.

மாப்பிள்ளை, தை மாதம் நாங்கள் அங்கே வந்திருந்தபோது நடந்தது உனக்குத் தெரியாதது அல்ல. இருந்தாலும் ஏன் செய்தேன் என்பதை எழுத்தில் வைத்துவிடுகிறேன், கமிட்டிக்காரர்கள் கேட்டால் காட்டு. உங்கள் புரொபசர் உன்னை மகன் மாதிரி நடத்துகிறார் என்று நீதானே சொன்னாய். அவருடைய மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து என்று பத்திரிகையும் வந்தது. நீ அவருக்கு மகன் என்றால் அவர் மகளுக்கு நீ உடன்பிறந்தவன், அந்தக் குழந்தைக்கு நீ தாய்மாமன். தாய்மாமன் காதுகுத்துக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போவானா. நம் பக்கம் அப்படிப் போனால் மடியில் குழந்தையை உட்கார வைக்க விடுவார்களா. அவர் தெலுங்குக்காரர், அவருக்கு இதெல்லாம் தெரியாது மாமா என்று நீ தடுத்தாய். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நான் சந்தைக்குப் போய்க் கிடாய் பிடித்தேன், கொம்புக்குச் சாயம் அடித்தேன், தட்டுகளுக்குச் சொன்னேன், கல்யாணத்துக்கு வாசிக்கிற பேண்டு செட்டைக் கூட்டி வந்தேன். அந்தப் பொட்டல் ரோட்டில் நாம் போன ஊர்வலத்தைப் பார்க்க வகுப்பை விட்டுவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் மாடியில் நின்றார்கள். லைப்ரரி வளைவில் அந்தப் பெரிய டிரம்மை ஒருவன் ஓங்கி அடித்ததும் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் பாய்ந்தது. எங்கள் ஊர்க் கிடாயாக இருந்தால் நின்றிருக்கும். அதில் என் தப்பு ஒன்றும் இல்லை, டிரம்காரன் தப்பு.

ஆனால் ஊர் திரும்பியதும் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், அண்ணே அங்கிட்டு என்ன சங்கதி என்று கேட்கிறார்கள். கிடாய் ஓடிப்போச்சு என்று ஒரு மனுசன் எப்படிச் சொல்லுவான். கிடாய் போய்ச் சேர்ந்தது என்றேன். சேர்ந்த கிடாய் சும்மா நிற்குமா, புரொபசர் அதைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினார் என்றேன். கலங்கியவர் சும்மா இருப்பாரா, என்ன வேண்டும் கேளுங்கள் என்றார் என்றேன். என் மாப்பிள்ளையை ரீடராக்குங்கள் என்று நான் கேட்டதாகவும், இப்போதே ஆக்கினேன் என்று அவர் என் கையைப் பிடித்ததாகவும் தானாகவே கதை வளர்ந்துவிட்டது. மாசியில் லீவுக்கு வந்த கண்ணுச்சாமி குன்றத்தில் சாமி கும்பிட்டுவிட்டு நம் கடையில் வந்து உட்கார்ந்தார். உன்னோடு வேலை பார்க்கிறவர் ஆயிற்றே என்று கலர் சோடா வாங்கிக் கொடுத்து, சுற்றிலும் கூட்டம் இருந்ததால் கதையை மாற்ற மனசில்லாமல் அவரிடமும் சந்தோசமாகச் சொன்னேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டி, நீங்க பெரிய ஆளுண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையை ஆட்டியது பெட்டிசன் எழுதத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்.

முந்தாநாள் காலையில் கடை வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் தோல்பை. உங்கள் ஆபீசில் அசிஸ்டெண்ட் ரிஜிஸ்ட்ராராம், பெயர் வெங்கடரமணன். மதுரை மகாலுக்குப் பின்னால் பூர்வீக வீடு, லீவில் கிளம்பியவரிடமே இந்த விசாரணையையும் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். சௌராஷ்டிரக்காரர் என்று தெரிந்ததும் அவர் பாஷையிலேயே நாலு வார்த்தை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமிழ்லயே பேசலாம்ணே, நீங்க பேசுற சௌராஷ்டிரம் எனக்குப் புரியல என்றார். அதற்குள் பஞ்சர் ஒட்டுகிற முத்திருளன், எதிர்க்கடை மலையாண்டி, பூக்காரிகள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாரும் என் வாயால் கதையைக் கேட்டவர்கள், எல்லாரும் சாட்சி சொல்லத் தயாராக நிற்கிறார்கள். அவர் பேனாவைத் திறந்து, கெடா குடுத்தது நெசமாண்ணே என்று கேட்டார். எனக்கு நாக்கு நுனியில் அம்புட்டும் வந்து நிற்கிறது, புரொபசர் கண் கலங்கியது உட்பட. அப்போது உன் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். டேய் சோணை, எம்புட்டுப் பேசுனாலும் பேசு, நடந்தத மட்டும் பேசு, எம்புள்ள சோத்துல மண்ணு விழுந்துராம என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பேசினேன் மாப்பிள்ளை. கெடா போய்ச் சேரல சார், பாதி வழியில அத்துக்கிட்டு ஓடிருச்சு, இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல, புரொபசர் அதக் கண்ணால பாக்கல, வேலையப் பத்தி நானும் கேக்கல அவரும் சொல்லல, அவரு பேசுன தெலுங்கு எனக்கு வெளங்கவும் இல்ல என்றேன். மலையாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான். அப்ப புரொபசர் கட்டிப்பிடிச்சு அழுதாருன்னியளே, அது எந்தக் கெடாண்ணே என்றான். கெடா வந்திருந்தா அழுதிருப்பாருடா என்றேன். வெங்கடரமணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெறகு எதுக்கு ஊரெல்லாம் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டார். சார், எங்க வம்சத்துலயே மொத ஆளா காலேஜுக்குள்ள போனவன் அவன், அவன் படிச்ச படிப்பு என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியாது, கொளத்துப் பாசியப் பத்தின்னு ஆரம்பிப்பேன், அதுக்கு மேல வாய் வராது, கேக்குறவனும் எந்திரிச்சுப் போயிருவான், கெடான்னா சொல்லத் தெரியும் என்றேன். அவர் அதை எழுதவில்லை.

பிறகு ஊர்வலத்தில் யார் யார் வந்தது என்று கேட்டார். சொன்னேன். தட்டுத் தூக்க ஆள் பத்தாமல் நம் மதுரைப்பக்கத்து ஆள் என்று கண்ணுச்சாமி கையில் வளையல் தட்டைக் கொடுத்ததைச் சொன்னேன். கிடாய் பாய்ந்ததும் தட்டை உன் அத்தையிடம் தள்ளிவிட்டு முதலில் விரட்டியவர் அவர்தான் என்றும், முள்ளில் மாட்டிக் கால்சட்டை கிழிந்து, நான் கொடுத்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் புரொபசர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தார் என்றும் சொன்னேன். வெங்கடரமணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெட்டிசன் போட்ட கண்ணுச்சாமியா என்றார். கொட்டாம்பட்டிக் கண்ணுச்சாமிதான் சார், கெடா ஓடுன தெசையக் கூட அவரக் கேட்டாத்தான் தெரியும், லஞ்சம் குடுக்குறவன் பேண்டு செட்டோட, போட்டிக்கு நிக்கிற ஆளத் தட்டுத் தூக்கவிட்டா குடுப்பான் என்று கேட்டேன். வரிசையாக எழுதிக்கொண்டு என் கையெழுத்தை வாங்கினார். தமிழிலேயே போட்டேன், நல்ல பெரிதாக.

இதை ஏன் நீ கமிட்டியில் சொல்லவில்லை. ஒரு மனுசன் கால்சட்டை கிழிந்ததைச் சபையில் சொல்லக் கூடாது என்று இருந்திருப்பாய். அது உன் அம்மா குணம். புறப்படும்போது அவர் உன் அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை, அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா, முடிவு எங்கையில இல்ல, ஆனா தம்பி ராஜினாமா குடுத்தாருன்னா கண்ணுச்சாமி எழுதுனது உண்மைன்னு ஆயிரும், தம்பியே கமிட்டி முன்னால வந்து, கண்ணுச்சாமி தட்டுத் தூக்குனதத் தன் வாயாலயே சொல்லணும் என்றார்.

ஆகையால் நீ எழுதி வைத்திருக்கிற ராஜினாமாவைக் கிழித்துப் போடு. கமிட்டி கூப்பிட்டால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போ, அவர்கள் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி, கால்சட்டை கிழிந்த இடத்தை மட்டும் வேண்டுமானால் விட்டுவிட்டு, மற்றதைத் தலை நிமிர்ந்து சொல். கண்ணுச்சாமியோடு சண்டைக்குப் போகாதே, இனிமேலும் ஒரே ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியவர்கள். இங்கே என்னைப் பற்றிக் கவலைப்படாதே. முத்திருளன் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, அண்ணே கெடா வந்துருச்சா என்று பொழுதன்னைக்கும் கேட்கிறான். கேட்டுவிட்டுப் போகட்டும். நேற்று தல்லாகுளத்தில் ஒரு சம்பந்தக்காரரிடம், என்னை விசாரிக்க மூணு ஜட்ஜு வந்தார்கள், நான் சொன்ன உண்மையைக் கேட்டு மூணு பேரும் எழுந்து நின்றார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே, எழுத எழுத அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், இந்த இடத்தை மட்டும் நான் வாசிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. முருகன் உனக்கு நீண்ட ஆயுசும் நிலைத்த உத்தியோகமும் கொடுக்கட்டும். உன் அம்மாவும் அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வை, உங்கள் புரொபசர் வீட்டில் இனிமேல் எந்த விசேஷம் வந்தாலும் வெறுங்கையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. நமக்குக் கஷ்டம்தான், பழகிக்கொள். பதில் எழுதும்போது எனக்கும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் தாய்மாமன்
பெ. சோணை,
வாடகை சைக்கிள் கடை, திருப்பரங்குன்றம்.