எல்லாருக்கும் ஒரு ‘ர்’

ஆடி 3, சனி

விடியலிலிருந்து சாரல். ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று பேச்சு.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். ஊருக்குள் முதல் செல்போன் வந்த அன்றைக்கே, “ஒருநாள் இது தானாப் பேசும், மரியாதை தெரியாமப் பேசும்” என்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னவன் நான். கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது துபாயில். சாட்சிக்குக் கூப்பிட வழியில்லை.

விஷயம் இதுதான். என் தங்கை மகள் பேச்சியம்மாள், தென்காசியில் கல்லூரி, கம்ப்யூட்டர், மூன்றாம் வருஷம். சொந்த ஊர் ஆலங்குளம். படிப்புக்காகக் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். லீவு நாளில் குற்றாலத்துக்கு நம் பழக்கடைக்கு வருவாள். இன்று வந்தவள் போனை நீட்டினாள். இங்கிலீஷில் ஒரு கதை கொடுத்தால் ஏ.ஐ. தமிழில் சொல்லுமாம். கதையில் விவசாயி ஆண் என்றால், “அவர் வந்தார், உரம் கேட்டார்.” பெண் என்றால், “அவள் வந்தாள், உரம் கேட்டாள்.” வயல் ஒன்றுதான், உரமும் ஒன்றுதான். மரியாதை மட்டும் பாதி.

“பாத்தியளா மாமா? ஆம்பளைக்கு ‘ர்’, பொம்பளைக்கு ‘ள்’. டாக்டர்னாலும் அப்படித்தான், டீச்சர்னாலும் அப்படித்தான்.”

“நான் அப்பவே நெனச்சேன்ட்டி.”

“என்னத்த நெனச்சிய?” என்றாள் என் மனைவி செல்லத்தாய், தராசில் ரம்புட்டான் போட்டபடி. பதில் சொல்ல நேரமில்லை. ஆள் வந்துவிட்டது.

விவசாயிகள் போனில் கேட்டால் பதில் சொல்லும் கருவி ஒன்றை ஒரு கம்பெனி செய்திருக்கிறது. அதற்குள் இருப்பதும் இதே ஏ.ஐ. நம் பக்கம்தான் முதலில் விடப்போகிறார்களாம். வெள்ளிக்கிழமை கல்லூரியில் செய்து காட்டுகிறார்கள். பேச்சிக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகள்தான் அதிகம், பையன்கள் இரண்டு பேர். இரண்டு கேட்கப் போகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மரியாதை. கருவியை வெளியே விடுமுன் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

“ஒருதரம் ஊருக்குள்ள வந்துட்டுன்னா பொறவு ஆரு மாமா மாத்துவா?” என்றாள். முகத்தில் அந்தக் கவலை.

வாங்க: சணல், பழைய பேப்பர், குரங்கு விரட்ட உண்டிவில் ரப்பர்.

ஆடி 4, ஞாயிறு

மழை, வெயில், மறுபடி மழை. கூட்டம் சொல்லி முடியாது.

லண்டனிலிருந்து ஒருவர் தேடி வந்து மங்குஸ்தான் வாங்கினார். அங்கேயே நம் கடையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். (லண்டனில் வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர்.)

ஒரு முடிவு. இனி இந்த நோட்டில் எல்லாருக்கும் ‘ர்’. பிள்ளைகள் போராடும்போது நாம் சும்மா இருந்தால் எப்படி?

செல்லத்தாய் வந்தார். காபி தந்தார். எழுதிப் பார்த்தால் யாரோ பெரிய டீச்சர் வந்து போனது மாதிரி இருக்கிறது.

குரங்கார் வந்தார். ரம்புட்டான் ஒரு கொத்து எடுத்தார். தகரத்தில் ஏறி உட்கார்ந்து தின்றார். செல்லத்தாய் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடினார். பழக்கம் வரவில்லை. கை தானாக ‘ள்’ போடுகிறது. எட்டாம் வகுப்பு வரை பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதிப் பழகிய கை. மிஷினும் இப்படித்தான் பழகியிருக்கும் போல.

ஆடி 6, செவ்வாய்

சாரல் இல்லை. அருவியில் தண்ணீர் நூல் நூலாக. வியாபாரம் மந்தம். இடது முழங்கால் வலி.

பேச்சி கடைக்குள் பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசிப் பழகினார். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை. என்னை எழுதித் தரச் சொல்லியிருந்தால் மந்திரி பேச்சு மாதிரி தந்திருப்பேன். கேட்கவில்லை.

பக்கத்து சிப்ஸ் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“என்னவே, ஒம்ம மருமவ மிஷின்கூட சண்டைக்குப் போறாளாம்லா? ‘ள்’ளுக்கும் ‘ர்’ருக்கும் ஒரு வழக்கா? இதெல்லாம் சோறு போடுமாவே?”

நான் வாயைத் திறக்கும் முன்பே செல்லத்தாய்:

“சரி அண்ணாச்சி. நாளையில இருந்து வாரவங்ககிட்ட ‘சிப்ஸ் கடைக்காரன் வந்தான், சிப்ஸ் போட்டான்’னு சொல்லுதேன். ஒங்களுக்குச் சோறு எறங்குதான்னு பாப்போம்.”

அண்ணாச்சி போய்விட்டார். சாயங்காலம் நேந்திரம் சிப்ஸ் ஒரு பாக்கெட் கொடுத்தனுப்பினார். சூடு.

பேச்சி விழுந்து விழுந்து சிரித்தார். “அத்தை, வெள்ளிக்கெழம நீங்களும் வாங்க.”

“கடைய ஆரு பாப்பா?”

“மாமா இருக்காவள்லா.”

நான் இல்லாமல் கூட்டமா? கடையை அரைநாள் சாத்திவிட்டு மூன்று பேரும் போவது என்று தீர்ப்புச் சொன்னேன். சீசனில் நான் கடை சாத்தியதாகச் சரித்திரம் கிடையாது.

ஆடி 9, வெள்ளி

வானம் மூடியே கிடந்தது. வெள்ளைச் சட்டை தேய்த்தது. செல்லத்தாய் அரக்குச் சேலை.

ஆயிரம் பேர் இருக்கும். சரி, ஹால் நிறைய. கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர், கழுத்தில் அட்டை. பாதி தமிழ், மீதி இங்கிலீஷ்.

பேச்சி பேசினார். திரையில் இரண்டு விவசாயிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். இந்தப் பக்கம் ‘கேட்டார்’, அந்தப் பக்கம் ‘கேட்டாள்’. பிறகு கூட்டாளிப் பையன் ஒருவன், இல்லை, ஒருவர், எழுந்தார். “வயல் எங்கம்மா பேர்ல இருக்கு. பாடுபடுறதும் அவங்கதான். ஒரு மிஷின் அவங்கள ‘அவள்’னு சொன்னா எனக்குக் கோவம் வருது சார்.”

அட்டைக்காரர் நல்லபடியாகத்தான் பதில் சொன்னார். “குட் பாயிண்ட். ஆனா நாம எழுதி வச்சதத்தான் மிஷின் படிக்குது. புக்ஸ், நியூஸ் எல்லாத்துலயும் அப்படித்தான இருக்கு? ‘அவள்’ங்கிறது கிராமர்படி தப்பும் இல்லையே. அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்.”

அடுத்த வெர்ஷன் என்றால் எப்போது என்று எனக்குத் தெரியும். நம் தெரு ரோடும் அடுத்த வெர்ஷனில்தான் இருக்கிறது. பேச்சியின் முகம் செத்துவிட்டது. ஐந்து நிமிடமும் முடிந்தது.

அப்போது எழுந்தேன் நான். ஹாலில் ஃபேன் சத்தம்கூட நின்றது.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“பெங்களூர்.”

“அது வேலை பாக்க ஊரு. பொறந்த ஊரு?”

“வீரகேரளம்புதூர்.” ஹாலில் லேசான சிரிப்பு.

“அப்பம் நம்ம பக்கத்துப் பிள்ளதான். காலையில வீட்ல இருந்து போன் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“ஆரு பேசுனது?”

“அம்மா பேசுனாவ.”

பெங்களூர், இங்கிலீஷ் எல்லாம் எங்கே போயிற்றோ. ‘பேசினார்கள்’ என்பதற்குச் சுத்தமான நம் ஊர் ‘பேசுனாவ’. சிரிப்பில் ஹால் இடிந்துவிட்டது.

“‘அம்மா பேசுனா’ன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலல்லா தம்பி? வாய்க்குத் தெரிஞ்ச மரியாதை மிஷினுக்குத் தெரியாண்டாமா?”

அவரே சிரித்துவிட்டார். பேச்சி அதை விடவில்லை, கெட்டிக்காரர், மைக்கை எடுத்துவிட்டார். “சார், நீங்க இப்பம் சொன்னது எந்தப் புக்லயும் இருக்காது. எங்க ஊரு வாயிலதான் இருக்கு. அதனாலதான் சரிபாக்க எங்களக் கூப்பிடுங்கன்னு கேக்கோம்.”

கைதட்டல். அட்டைக்காரர் எழுதிக்கொண்டார். ஆபீஸில் பேசிவிட்டு நாளை போன் பண்ணுவதாகச் சொன்னார். என் குரல் கோயில் மணி மாதிரி கணீரென்று இருந்ததாகப் பல பேர் சொன்னார்கள்.

வரும்போது பஸ்ஸில் செல்லத்தாய் ஜன்னல் பக்கம். பேச்சி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஆடி 10, சனி

நல்ல சாரல். மெயினருவியில் குளிக்க விடவில்லை, அவ்வளவு தண்ணீர். நனைந்தவர்கள் எல்லாம் பழம் வாங்கினார்கள்.

மத்தியானம் போன் வந்தது. பேச்சி ஸ்பீக்கரில் போட்டார். ஒத்துக்கொண்டார்கள்! கருவியை இப்போதைக்கு வெளியே விடவில்லை. முதலில் ‘ர்’ எல்லாருக்கும். பேச்சியும் கூட்டாளிகளும் சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து, அது பேசுவதைக் கேட்டுத் திருத்த வேண்டும். பேச்சி பழப்பெட்டி மேல் ஏறிக் குதித்தார். சிப்ஸ் கடை அண்ணாச்சியே வந்து, “பேச்சியம்மா ஜெயிச்சிட்டாவளா?” என்று கேட்டார். ‘ஆவளா’! நான் கவனித்தேன்.

பிறகு அந்த இளைஞர் இன்னொன்று சொன்னார். “நேத்து என்கிட்ட ஊரு கேட்டாங்கல்ல, அவங்களும் குழுவுல கண்டிப்பா இருக்கணும்.”

பேச்சி என்னைப் பார்த்தார். நான் மங்குஸ்தானைப் பார்த்தேன்.

“கடைய ஆரு பாப்பா?” என்று செல்லத்தாய் கேட்டார். கேட்கும்போதே சிரிப்பு.

“மாமா இருக்காவள்லா!”

இருக்கிறேன். இனி சனிக்கிழமை கடையில் நான் மட்டும்தான். தராசு பிடிக்கத் தெரியும். குரங்கார் வந்தால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. உண்டிவில் ரப்பர் இன்னும் வாங்கவில்லை.

நேற்று எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். ஹால், சிரிப்பு, ‘பேசுனாவ’, கைதட்டல் எல்லாம் சத்தியம். போனில் படம் பிடித்த பிள்ளையிடம் பேச்சி வாங்கித் தந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நான் அந்த நேரம் வெளியே கேண்டீனில். உளுந்து வடை அப்போதுதான் போட்டார்கள். கோயில் மணி மாதிரிக் குரல் என்றதும் நிஜம், என்னுடையது இல்லை. எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் இல்லை.

செல்லத்தாய் கேட்டார்.