விஷ்ணு அக்கா எழுதிய பதில்கள்

பிரிக்பீல்ட்ஸ்
2 மார்ச் 2025

விஷ்ணுப்ரியாவின் கணக்கில் எழுதிவருபவருக்கு,

வணக்கம். என் பெயர் உஸ்மா. இணையக் கலைக்களஞ்சியத்தில் விஷ்ணுப்ரியாவும் நானும் ஆறு ஆண்டுகள் சேர்ந்து எழுதினோம். புதிதாக எழுத வருகிறவர்களை வரவேற்று, அங்குள்ள நடைமுறைகளைச் சொல்லித்தரும் பக்கத்தை நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொண்டோம். போன நவம்பரில் டெங்கிக் காய்ச்சலில் அவள் இறந்தபோது, பண்டமாரானில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி.

தைப்பூசத்துக்குப் பிறகு அவள் கணக்கிலிருந்து மறுபடியும் பதில்கள் போகின்றன. மாதவி என்ற புதியவரின் கேள்விகளுக்கு. முதல் பதிலை நான் வேலையிடத்தில் பார்த்தேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதாக நான் நினைக்கவில்லை. பதில்களில் அவ்வளவு பொறுமை இருக்கிறது. அவளுடைய மின்னஞ்சலுக்கே இதை எழுதுகிறேன், யார் என்று மட்டும் சொல்லுங்கள். இதை நான் யாரிடமும் பேசவில்லை.

அன்புடன்,
உஸ்மா

பண்டமாரான்
5 மார்ச் 2025

அன்புள்ள உஸ்மாவுக்கு,

விஷ்ணுவின் அம்மா அமுதவள்ளி எழுதுவது. நலமா? நோன்பு நேரம், உடம்பைப் பார்த்துக்கொள். அன்றைக்கு நீ பச்சை முக்காடு போட்டுக்கொண்டு கேட் ஓரமாக நின்றது ஞாபகம் இருக்கிறது. உள்ளே கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

அவளுடைய லேப்டாப்பை அணைக்க அவள் அப்பா விடவில்லை. மூடியபடியே மேசையில் கிடந்தது. தூசு தட்டும்போது ஒருநாள் திறந்து பார்த்தேன். அவளுக்குச் செய்தி வந்திருப்பதாகக் காட்டியது. அம்பாங்கில் பாலர்பள்ளி ஆசிரியையாம், மாதவி. "அக்கா, ஈயச் சுரங்கத்தப் பத்தி நான் எழுதினத ஒருத்தர் முழுசா அழிச்சிட்டார். நல்லா திட்டி எழுதலாம்னு இருக்கேன்" என்று கேட்டிருந்தாள். இரண்டு வாரமாக யாரும் பதில் சொல்லவில்லை.

விஷ்ணுவாக இருந்தால் அப்படிக் காக்க வைத்திருக்க மாட்டாள். மற்றவர்களுக்கு அவள் எழுதியிருந்த பழைய பதில்களை உட்கார்ந்து படித்தேன். பிறகு அவளைப் போலவே எழுதினேன். அழித்தவரும் நல்ல எண்ணத்தில்தான் அழித்திருப்பார், முதலில் அவரிடம் தணிவாகக் காரணம் கேளுங்கள் என்றேன். பத்திரிகையில் வந்ததை அப்படியே போட்டிருக்கிறீர்கள், சொந்த வார்த்தையில் எழுதி, எங்கே படித்தீர்கள் என்று கீழே குறிப்பிடுங்கள் என்றேன். மாதவி திட்டவில்லை. அழித்தவரும் உதவி செய்து, கட்டுரை திரும்ப வந்துவிட்டது.

"நன்றி விஷ்ணு அக்கா" என்று எழுதினாள். இந்த வீட்டில் இப்போது யாரும் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. நான் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் அங்கேயும் விஷ்ணுவின் மின்னஞ்சலிலும் கேட்டதற்கெல்லாம் எழுதினேன்.

இப்படிக்கு,
அமுதவள்ளி

பிரிக்பீல்ட்ஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நோன்பு திறந்த பிறகுதான் படித்தேன். நல்லவேளை, அதற்கு முன் படித்திருந்தால் திறந்திருக்கவே மாட்டேன்.

அவள் போன பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் மாதவியின் கேள்வி அப்படியே கிடந்தது. நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்திருக்கிறீர்கள், அதுவும் அழகாக.

ஆனால் அம்மா, ஒரு கணக்கில் ஒருவர்தான் எழுதலாம். அங்கே யாரும் யாரையும் நேரில் பார்ப்பதில்லை. பதிலின் கீழே இருக்கும் பெயரை நம்பித்தான் பேசுகிறோம். புதியவர்களிடம் விஷ்ணு முதலில் சொல்வதே இதைத்தான்.

உங்கள் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்குங்கள். நான் வந்து சொல்லித்தருகிறேன். அவளுடையதை அங்குள்ள நிர்வாகிகள் பூட்டிவிடுவார்கள். அவள் எழுதிய ஒரு வரிகூட அழியாது, வேறு யாரும் அதில் எழுத முடியாது, அவ்வளவுதான். மாதவிக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள்
உஸ்மா

பண்டமாரான்
16 மார்ச் 2025

உஸ்மாவுக்கு,

பூட்டிவிடுவார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய வங்கிக் கணக்கை மூடியாயிற்று. கைப்பேசி எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வேலையிடத்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லா இடத்திலும் நான்தான் போய்க் கையெழுத்துப் போட்டேன். இது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

அவள் அப்பா படித்துவிட்டு, "விடு அமுதா, அந்தப் புள்ள சொல்றது நியாயம்தான்லா" என்றார். அவரோடு இரண்டு நாளாகப் பேச்சில்லை.

நேற்று மாதவி "அக்கா சாப்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று எழுதினேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? வருஷத் திவசம் வரைக்குமாவது விட்டுவை. அவளுடைய தோழி என்று நினைத்துத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

அமுதவள்ளி

பிரிக்பீல்ட்ஸ்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டதற்கு முடியாது என்று எழுத மனம் வராமல் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். இனி முடியவில்லை.

வரும் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, புதியவர்களுக்காக இங்கே ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். மாதவி பதிந்துகொண்டு எனக்கு எழுதியிருக்கிறாள். "விஷ்ணு அக்காவும் வருவாங்கதானே? அவங்களுக்கு ஒரு சேலை எடுத்து வச்சிருக்கேன்" என்கிறாள். அக்கா தான் வருவதாகச் சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லையாம்.

அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியாது. கணக்கைப் பூட்டச் சொல்லி நிர்வாகிகளுக்கு நேற்று எழுதிவிட்டேன். உங்கள் பெயரைக் குறிப்பிடவில்லை, குடும்பத்தார் என்று மட்டும் சொன்னேன்.

மாதவியிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா? வருவதாக இருந்தால் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறேன். என்மேல் கோபம் இருக்கும். இருந்தாலும் வாருங்கள் அம்மா.

உஸ்மா

பண்டமாரான்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள உஸ்மாவுக்கு,

அன்றைக்கு நீ ரயில் நிலையத்தில் தேடியிருப்பாய். நான் முந்தின ரயிலிலேயே வந்து, பயிற்சி நடக்கும் கட்டடத்தின் கீழே நின்றுகொண்டேன். மாதவி ஏன் மாடிக்கு வரவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

கையில் துணிக்கடைப் பை வைத்திருந்தாள். பார்த்ததும் தெரிந்தது.

"நீதான் மாதவியாம்மா?"

"ஆமா ஆன்டி. நீங்க?"

"நான் விஷ்ணுவோட அம்மா."

முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா மேல இருக்காங்களா?"

"அவ நவம்பர்லயே இறந்துட்டாம்மா. டெங்கி."

அவளுக்குப் புரியவில்லை. "போன வாரம்கூட எனக்குப் பதில் போட்டாங்களே ஆன்டி."

"அது நான்தான். எல்லாமே நான்தான்."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "எங்கம்மாவுக்குக் கேன்சர்னு அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன். வீட்டுல தம்பிக்குக்கூடத் தெரியாது. அந்த மின்னஞ்சலயும் நீங்கதான் படிச்சீங்களா?"

தலையை ஆட்டினேன். அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்குத் தெரியாது உஸ்மா. "பயப்படாதே, அக்கா இருக்கேன்" என்று எழுதியிருந்தேன்.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. "சரி ஆன்டி" என்று சொல்லிவிட்டு மோனோரயில் பக்கம் நடந்தாள். ஒருமுறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. இரண்டாம் முறை நான் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து என் பெயரில் கணக்குத் தொடங்கினேன். மாதவியின் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதி, கீழே அமுதவள்ளி என்று போட்டேன். இன்றுவரை பதில் இல்லை. இன்னொரு முறை எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். ஈயச் சுரங்கக் கட்டுரையில் அன்றிலிருந்து அவள் ஒரு வரியும் சேர்க்கவில்லை.

அவளுடைய அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ விசாரித்துக்கொள். மாதவிக்கு யாராவது துணை வேண்டும். அது நானாக இருக்க முடியாது.

நீ செய்தது சரி. எனக்கு அது தெரியும். தெரிந்தும் உன்னோடு பேச இன்னும் மனம் வரவில்லை. விஷ்ணுவின் இந்த மின்னஞ்சலை அவள் அப்பா நாளைக்கு மூடுகிறார். நீ பதில் எழுதினாலும் எனக்கு வந்து சேராது. என்னுடைய முகவரியை உனக்குத் தர வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தரவில்லை.

நன்றாக இரு.

அமுதவள்ளி