கறுத்து மூடிய காயம்

ஐப்பசி, வெள்ளி இரவு. பேரிகை கிராமம்.

மனைவி கமலா செத்த தீட்டு என்று வீட்டார் என்னைப் பட்டுப்புழு அறைக்குள் விடவில்லை. இன்று மீறிப் போனேன்.

சில நாள் முன்பு புழுத் தட்டு மாற்றும்போது ஒரே மூங்கில் சிராய் கமலாவின் விரலிலும் ஏறியது, ஒரு புழுவையும் கீறியது. புழுவை எறியப் போனேன். "இருக்கட்டுங்க, பாவம்" என்றாள்.

அவள் கை வீங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "புழு கூடு கட்டிரட்டும், அப்புறம் போலாம்" என்றாள். காய்ச்சல் முற்றிய பிறகுதான் கொண்டுபோனேன்; ஓசூரில் பென்சிலின் போட்டும் பயனில்லை.

அந்தப் புழுவின் காயம் கறுத்து மூடியிருக்கிறது. பட்டுப் பண்ணையிலிருந்து வந்த அதிகாரியிடம் காட்டினேன். "கிருமியக் கொல்றதுக்கு அதோட ரத்தத்துலயே மருந்து ஊறுதுங்க, பொறவியிலயே" என்றார். அவளுக்கு ஊறவில்லை.

புழு கூடு கட்டத் தொடங்கிவிட்டது. நூல் எடுக்கிறவன் கூடுகளை வெந்நீரில் போடுவான். இதைக் கொடுக்க மாட்டேன். இருக்கட்டும், பாவம்.